2147483647 - ஒரு எண்ணின் வரலாறு



2147483647. இந்த எண்ணை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. மூச்சு வாங்குகிறதா? இந்தப் பதிவு முழுக்க இந்த ஒரு எண்ணைப் பற்றித்தான்.

சி மொழியில் நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு இது தெரிந்த முகம். 32 பிட் முழு எண் மாறியில் போடக்கூடிய மிகப் பெரிய எண் இது. இதோடு ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலான கணினிகள் சத்தமே போடாமல் -2147483648 என்று காட்டும். ஆனால் கணினி வருவதற்கு 170 ஆண்டுகளுக்கு முன்பே இந்த எண்ணுக்கு ஐரோப்பாவில் பெரிய பெயர். "இது பகா எண்தான்" என்று ஒருவர் சொன்னார், இன்னொருவர் நிரூபித்தார், மூன்றாமவர் "இதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை" என்று தீர்ப்பு எழுதினார். அந்தத் தீர்ப்பு என்ன ஆனது என்பதுதான் இந்தக் கதை.

கணக்கு என்றாலே காத தூரம் ஓடுகிறவர்களும் தாராளமாகப் படிக்கலாம். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

நெல்மணிக் கதை

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகச் சொல்லி அரசனை மாட்டிவிட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையில் முதல் கட்டம் வரை மொத்தம் 1 மணி. இரண்டாம் கட்டம் வரை 3. பிறகு 7, 15, 31, 63, 127... ஒவ்வொன்றும் இரண்டின் அடுக்கில் ஒன்று குறைவு. 31-ஆம் கட்டம் முடியும்போது பலகையில் இருக்கும் மணிகளை எண்ணினால் சரியாக 2147483647 வரும். அதாவது 2^31 - 1. (2^31 என்றால் இரண்டை 31 தடவை எழுதிப் பெருக்குவது.)

இந்த வரிசையில் சில எண்கள் பகா எண்கள். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாதவை. 3, 7, 31, 127 பகா எண்கள். 15, 63 அப்படி அல்ல. எத்தனையாவது கட்டம் என்று பாருங்கள்: 2, 3, 5, 7 ஆகிய கட்டங்களில் பகா எண் வருகிறது. 4, 6 ஆகியவற்றில் வரவில்லை.

காரணம் எளிது. இந்த எண்களை இரும முறையில் எழுதினால் எல்லாமே ஒன்றுகளாக இருக்கும். 63 என்பது 111111. ஆறு ஒன்றுகள். ஆறை மூன்று மூன்றாகப் பிரிக்கலாம் அல்லவா? 111 111 என்று பிரித்தால், 111, அதாவது 7, இதை வகுக்கும் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். 63 = 7 x 9. ஆக, ஒன்றுகளின் எண்ணிக்கையைச் சம பங்குகளாகப் பிரிக்க முடிந்தால் அந்த எண்ணும் வகுபடும். எண்ணிக்கையே பகா எண்ணாக இருந்தால்தான் மொத்த எண்ணும் பகா எண்ணாக இருக்க வாய்ப்பு உண்டு.

வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். உறுதி கிடையாது. 11 பகா எண். ஆனால் 2^11 - 1 = 2047 = 23 x 89. இதை 1536-இல் உடல்ரிக்குஸ் ரேகியுஸ் என்பவர் எடுத்துக் காட்டினார். அதுவரை பலரும் "அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதும்" என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இதை ஏன் தேடினார்கள்?

இதற்குப் பின்னால் கிரேக்கர்களின் ஒரு பழைய ஆசை இருக்கிறது. 6-ஐ வகுக்கும் எண்கள் (6-ஐத் தவிர்த்து) 1, 2, 3. கூட்டினால் 6. 28-ஐ வகுப்பவை 1, 2, 4, 7, 14. கூட்டினால் 28. இப்படித் தன் வகுத்திகளின் கூட்டுத்தொகையாகத் தானே இருக்கும் எண்ணை நிறைவெண் என்றார்கள். பழங்காலத்தில் தெரிந்தவை நான்குதான்: 6, 28, 496, 8128.

யூக்ளிட் தன் எலிமென்ட்ஸ் நூலின் ஒன்பதாம் பகுதியில் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார். நெல்மணி வரிசையில் ஒரு மொத்தம் பகா எண்ணாக அமைந்தால், அதைக் கடைசிக் கட்டத்து மணிகளால் பெருக்கினால் நிறைவெண் கிடைக்கும். 7 x 4 = 28. 31 x 16 = 496. 127 x 64 = 8128. கச்சிதமாக இருக்கிறதல்லவா! ஆக, புதிய நிறைவெண் வேண்டுமென்றால் இந்த வரிசையில் புதிய பகா எண் ஒன்று வேண்டும். அதற்காகத்தான் இத்தனை தேடலும்.

சொன்னவர்கள்

இத்தாலியின் பொலோனியா நகரில் பியெத்ரோ கட்டால்டி என்ற கணித ஆசிரியர் இருந்தார். அவர் 750 வரையுள்ள பகா எண்களின் பட்டியலைத் தயாரித்து வைத்துக்கொண்டு, 2^17 - 1 = 131071, 2^19 - 1 = 524287 ஆகிய இரண்டையும் ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்த்து, இரண்டும் பகா எண்களே என்று உறுதி செய்தார். 524287-இன் வர்க்கமூலம் 724 சொச்சம். அதற்கு மேல் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. எந்த எண்ணையும் இரண்டாகப் பிரித்தால் ஒரு பங்காவது வர்க்கமூலத்துக்குள் இருந்துதான் ஆக வேண்டும். 1603-இல் இதை அச்சிட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளும் பகா எண் தரும் என்று சேர்த்துச் சொன்னார். நிரூபணம் கிடையாது. பிற்பாடு பார்த்தால் 23 தவறு, 29 தவறு, 37 தவறு. நான்கில் ஒன்றுதான் தேறியது. அந்த ஒன்று நம் எண், 31!

அடுத்து வந்தவர் பாரிஸில் வாழ்ந்த துறவி மரின் மெர்சென். அன்றைக்கு ஆராய்ச்சி இதழ்கள் கிடையாது. அறிஞர்கள் எல்லோரும் மெர்செனுக்குக் கடிதம் எழுதுவார்கள், அவர் அதை மற்றவர்களுக்கு எழுதுவார். ஒரு மனிதரே தபால் நிலையமாக இருந்தார் என்று சொல்லலாம். 1644-இல் அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார். 257 வரை பகா எண் தரும் அடுக்குகள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 மட்டுமே என்றார். அந்தக் காலத்துக் கைக்கணக்கில் 2^257 - 1 என்ற 78 இலக்க எண்ணை யாரும் சோதித்திருக்க முடியாது. பட்டியலில் 67-உம் 257-உம் தவறு என்றும், 61, 89, 107 மூன்றும் விடுபட்டுப் போயின என்றும் உலகம் முழுசாகத் தெரிந்துகொள்ள 1947 ஆகிவிட்டது. இருந்தாலும் இந்த வகைப் பகா எண்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது: மெர்சென் பகா எண்கள்.

கட்டால்டியும் மெர்செனும் 31 விஷயத்தில் சொன்னது சரிதான். ஆனால் சரியாகச் சொல்வதும் நிரூபிப்பதும் ஒன்றல்ல. நான்கு சொன்னதில் ஒன்று பலித்தால் அதற்குப் பெயர் ஜோசியம்.

வேலையைச் சுருக்கியவர்

2147483647-இன் வர்க்கமூலம் 46,340 சொச்சம். கட்டால்டி வழியில் போனால் 46,340 வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுக்க வேண்டும். சுமார் 4,800 வகுத்தல்கள். பத்து இலக்க எண்ணை ஐந்து இலக்க எண்ணால், கையால், பிழையில்லாமல், 4,800 தடவை! நடக்கிற காரியமா?

இங்கேதான் பியர் தெ ஃபெர்மா உள்ளே வருகிறார். தொழில் நீதித்துறையில், பொழுதுபோக்கு கணிதம். 1640-இல் மெர்செனுக்கு எழுதிய கடிதங்களில் அவர் ஒரு விதியைச் சொன்னார். அடுக்கு ஒரு ஒற்றைப் பகா எண்ணாக இருந்தால், 2^அடுக்கு - 1 என்ற எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும், அந்த அடுக்கின் இரு மடங்கால் வகுத்தால் 1 மீதி தரும்.

புரியவில்லையா? பழைய 2047-ஐ எடுத்துக்கொள்வோம். அடுக்கு 11, இரு மடங்கு 22. அதன் வகுத்திகள் 23, 89. 23 = 22 + 1. 89 = 4 x 22 + 1. சொல்லி வைத்த மாதிரி இருக்கிறதா?

இதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டால்டியின் 23-ஐப் பாருங்கள். இரு மடங்கு 46. முதலில் சோதிக்க வேண்டிய எண் 47. வகுத்தால் மீதியே இல்லை: 8388607 = 47 x 178481. முதல் அடியிலேயே விழுந்துவிட்டது. 37-க்கு இரு மடங்கு 74. 75, 149, 223... மூன்றாவதான 223 வகுத்துவிட்டது. ஃபெர்மா இரண்டையும் தள்ளிவிட்டார். 29-ஐப் பின்னாளில் ஆய்லர் தள்ளினார் (536870911 = 233 x 1103 x 2089). 31 மட்டும் பாக்கி.

கண் தெரியாதவரின் கணக்கு

லெயோனார்ட் ஆய்லர் சுவிட்சர்லாந்தில் பிறந்து, வாழ்நாளில் பெரும்பகுதியை ருஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும் பெர்லினிலும் கழித்தவர். 1730களின் இறுதியில் வலது கண் பார்வை போயிற்று. 1766-க்குப் பிறகு இடது கண்ணிலும் புரை விழுந்தது. 1771-இல் செய்த அறுவைச் சிகிச்சை சில நாள் பார்வை தந்தது, பிறகு அதுவும் போய்விட்டது. அதே ஆண்டு ஊரில் பிடித்த பெருந்தீயில் வீடும் எரிந்தது. வேறொருவராக இருந்தால் மூலையில் உட்கார்ந்திருப்பார். ஆய்லர் மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டு, மகனையும் உதவியாளர்களையும் எழுதச் சொல்லிக் கட்டுரைமேல் கட்டுரையாக வெளியிட்டுக்கொண்டிருந்தார்.

1772-இல் பெர்னூலிக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்றில்தான் நம் எண்ணின் வழக்கு முடிகிறது. ஃபெர்மாவின் விதிப்படி 2147483647-ஐ வகுக்கும் எண் 62-ஆல் வகுத்தால் 1 மீதி தர வேண்டும். ஆய்லர் இதோடு இன்னொரு நிபந்தனையைச் சேர்த்தார்: அந்த எண் 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி தர வேண்டும். இரண்டையும் சேர்த்தால், வகுத்தி இருந்தால் அது 248-இன் மடங்கோடு 1 கூட்டியதாகவோ 63 கூட்டியதாகவோதான் இருக்க முடியும். 249, 311, 497, 559... என்று போகும் பட்டியல். 46,340-க்குள் இப்படிப்பட்ட எண்கள் 372-தான். அதிலும் பகா எண் அல்லாதவற்றைக் கழித்துவிட்டால் இன்னும் குறையும்.

4,800 எங்கே, 372 எங்கே! மிச்சமிருந்தவற்றை ஆய்லர் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தார். ஒன்றுகூட வகுக்கவில்லை. 2147483647 பகா எண். சொல் இல்லை, நிரூபணம்.

அன்றைக்கு உலகத்துக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் அதுதான். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்தப் பட்டத்தை அது விட்டுக்கொடுக்கவில்லை. அதோடு யூக்ளிட் வழியில் எட்டாவது நிறைவெண்ணும் கிடைத்தது: 2305843008139952128.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆய்லர் நம்மைவிட வேகமாக வகுத்தார் என்பது பெரிய விஷயம் இல்லை. எதை வகுக்க வேண்டாம் என்று யோசித்தார் பாருங்கள், அதுதான் விஷயம்.

"இதனால் என்ன பயன்?"

இப்போது தீர்ப்பு எழுதியவர் வருகிறார். பீட்டர் பார்லோ, இங்கிலாந்தின் வூலிச் ராணுவப் பள்ளியில் கணிதம் சொல்லிக் கொடுத்தவர். 1811-இல் லண்டனில் எண் கோட்பாடு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஆய்லரின் நிறைவெண்ணைக் குறிப்பிட்டு, இதைவிடப் பெரிய நிறைவெண் இனி எப்போதும் கண்டுபிடிக்கப்படப் போவதில்லை என்றார். காரணமும் சொன்னார்: இவை வெறும் வேடிக்கைப் பொருள்கள், பயன் இல்லாதவை, ஆகவே இதற்கு மேல் தேட யாரும் முயற்சி எடுக்க மாட்டார்கள்.

பார்லோவைக் குறை சொல்ல வேண்டாம். "இதைப் படித்து என்ன பண்ணப் போறே?" என்று நம்மையும் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள் அல்லவா, அதே கேள்விதான்! 1811-இல் நின்று பார்த்தால் அவர் சொன்னது முழு நியாயம். ஆனால் அதில் இரண்டு கணிப்புகள் இருக்கின்றன. ஒன்று, யாரும் தேட மாட்டார்கள். இரண்டு, இதனால் பயன் வராது.

முதல் கணிப்பு 1876-இல் உடைந்தது. பிரான்ஸின் எதுவார் லூக்காஸ், வகுத்தே பார்க்காமல் சோதிக்கும் வழி ஒன்றைக் கண்டுபிடித்து, 2^127 - 1 பகா எண் என்று காட்டினார். 39 இலக்கம். 1883-இல் ருஷ்யாவின் கிராமப்புறப் பாதிரியார் இவான் பெர்வுஷின், 2^61 - 1 பகா எண் என்று காட்டி ஒன்பதாவது நிறைவெண்ணைத் தந்தார். பயன் இல்லாவிட்டால் மனிதன் தேட மாட்டான் என்று பார்லோ நினைத்தார். மனிதனைப் பற்றிய கணக்கில்தான் அவர் கோட்டைவிட்டார்.

லூக்காஸின் வழியை 1930களில் டெரிக் லெமர் செப்பனிட்டார். பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய்து, கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 31-க்கு (அதாவது 2^5 - 1) செய்து பார்ப்போம். மூன்று தடவை செய்ய வேண்டும். 4 x 4 - 2 = 14. 14 x 14 - 2 = 194, 31-ஆல் வகுத்தால் மீதி 8. 8 x 8 - 2 = 62, மீதி 0. முடிந்தது! 2147483647-க்கு 29 தடவை செய்தால் போதும். 4,800 என்பது 372 ஆகி, 372 என்பது 29 ஆகிவிட்டது. 2024-இல் கண்டுபிடிக்கப்பட்ட 2^136279841 - 1 என்ற, நான்கு கோடியே பத்து லட்சம் இலக்கங்கள் கொண்ட பகா எண்ணையும் கடைசியில் இந்த லூக்காஸ்-லெமர் சோதனையை ஓட்டித்தான் உறுதி செய்தார்கள்.

கணினிக்குள் வந்த எண்

இரண்டாவது கணிப்புக்கு வருவோம். பயன்.

இரும முறையில் நம் எண் வரிசையாக 31 ஒன்றுகள். 1964-இல் ஐபிஎம் நிறுவனம் அறிவித்த சிஸ்டம்/360 கணினிகள் எண்களை 32 பிட்டுகளில் வைத்தன. ஒரு பிட் கூட்டலா கழித்தலா என்பதற்கு. மிச்சம் 31. எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் வருவது ஆய்லரின் எண்.

அந்தக் காலத்தில் விஞ்ஞானிகளுக்குக் கணினியில் ராண்டம் எண்கள் தேவைப்பட்டன. தாயக்கட்டை உருட்டினாற்போல், முன்கூட்டிச் சொல்ல முடியாத எண்கள். கணினியால் தாயம் உருட்ட முடியாது. ஆகவே ஒரு எண்ணைக் குறிப்பிட்ட எண்ணால் பெருக்கி, இன்னொரு எண்ணால் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாக எடுத்துக்கொள்வார்கள். இதுவும் லெமர் 1949-இல் சொன்ன யோசனைதான்.

ஐபிஎம் கணினிகளில் 1960களில் ராண்டு என்று ஒரு நிரல் இருந்தது. 65539-ஆல் பெருக்கி, 2^31-ஆல் வகுக்கும். கணினிக்கு 2-இன் அடுக்கால் வகுப்பது சுலபம் என்பதால் அப்படி அமைத்தார்கள். பல ஆய்வுகளில் இதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அது தந்த எண்களை மூன்று மூன்றாக எடுத்துக் கனசதுரத்துக்குள் புள்ளி வைத்தால், எங்கும் பரவி விழ வேண்டிய புள்ளிகள் வெறும் 15 தளங்களில் வரிசை கட்டி நின்றன. அடுக்கி வைத்த அட்டைகள் மாதிரி! இதை நம்பிச் செய்த கணக்குகளின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

1969-இல் லூயிஸ், குட்மன், மில்லர் ஆகிய மூவர் வேறொரு வழியை வைத்தார்கள். வகுக்கும் எண் 2^31 இல்லை, அதிலிருந்து ஒன்றைக் கழித்த 2147483647. பெருக்கும் எண் 16807, அதாவது 7^5. 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று குதித்துக் குதித்துப் போகும். வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பதால், சரியான பெருக்கியைத் தேர்ந்தெடுத்தால் 1 முதல் 2147483646 வரை ஒவ்வொரு எண்ணும் ஒரே ஒரு தடவை வந்த பிறகுதான் சுற்று திரும்பும். ஒன்றுகூட விடுபடாது, முன்கூட்டித் திரும்பவும் வராது. 1988-இல் பார்க், மில்லர் இருவரும் இதையே குறைந்தபட்சத் தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தார்கள். 2011-இல் வந்த சி++ மொழித் தரத்திலும் இது இடம்பெற்றது. இன்றைக்கு இதைவிடச் சிறந்த முறைகள் உண்டு, ரகசியக் குறியீட்டுக்கு இது ஆகவே ஆகாது. ஆனால் பல ஆண்டுகள் உலகத்தின் தாயக்கட்டையாக இருந்தது ஆய்லர் சோதித்த பகா எண். பார்லோவின் வேடிக்கைப் பொருள்!

எல்லைச் சுவர்

இதே எண்ணுக்கு இன்னொரு முகமும் உண்டு. அது சுவர். அதில் மோதினால் வலிக்கும்.

2014 டிசம்பரில், கங்னம் ஸ்டைல் பாட்டைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை 2147483647-ஐ எட்டியபோது, யூட்யூப் தன் கணக்கியை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டதாக அறிவித்தது. இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம்.

2015-இல் வந்தது சிரிக்கிற விஷயமில்லை. போயிங் 787 விமானத்தின் மின்சாரத்தை 248 நாட்கள் தொடர்ந்து அணைக்காமல் வைத்திருந்தால், மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் மென்பொருளின் கணக்கி நிரம்பி, விமானம் மொத்தமும் மின்சாரம் இழக்கக்கூடும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் எச்சரித்தது. நல்லவேளை, ஆய்வகச் சோதனையில் தெரிய வந்தது. நூறில் ஒரு விநாடிக்கு ஒன்று என்று எண்ணினால் 2147483647-ஐத் தொட எத்தனை நாள் ஆகும்? நீங்களே வகுத்துப் பாருங்கள். 248.55 நாள்.

இனி வரப்போவது 2038. யூனிக்ஸ் வகைக் கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளை எண்ணித்தான் நேரம் சொல்கின்றன. 32 பிட்டில் எண்ணுபவை 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்குச் சுவரைத் தொடும். அடுத்த விநாடி அவற்றுக்கு 1901 டிசம்பர் 13. லினக்ஸ் கருவிலேயே 32 பிட் கணினிகளுக்கான மாற்றம் 2020-இல் வந்துவிட்டது. ஆனால் ஏதோ ஒரு தொழிற்சாலைச் சுவரில், ஏதோ ஒரு மீட்டர் பெட்டிக்குள், யாரும் தொடாத பழைய நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றைத் தேடிப் பிடிக்கும் வேலை நம் தலைமுறைக்குத்தான்.

பயன் என்பது என்ன?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பகா எண் என்பதால் கணினி இதை எல்லையாக வைத்துக்கொள்ளவில்லை. 32-இல் ஒன்று போனால் 31, அவ்வளவுதான். 16 பிட்டின் எல்லை 32767. அது 7 x 31 x 151. இன்றைய 64 பிட்டின் எல்லை 2^63 - 1. 63-ஐ ஏழு ஏழாகப் பிரிக்கலாம் என்பதால் அதை 127 வகுத்துவிடும். ஆக, இந்த மூன்றில் 32 பிட்டில் மட்டும் சுவரும் பகா எண்ணும் ஒரே இடத்தில் நின்றன. அந்தத் தற்செயலைக் கண்டு, "அட, இது ஆய்லர் நிரூபித்த எண்ணாயிற்றே!" என்று எடுத்துப் பயன்படுத்த, அந்த நிரூபணம் ஏற்கனவே தயாராக இருந்தது.

அதுதான் பார்லோவுக்கான பதில் என்று நினைக்கிறேன். பயன் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று ஆய்லருக்கும் தெரியாது, பார்லோவுக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் பார்லோ "வராது" என்று எழுதினார். ஆய்லர் கணக்கை முடித்து வைத்துவிட்டுப் போனார்.

கடைசியாக ஒன்று. 64-க்கு அடுத்து 128 பிட். அதன் எல்லை 2^127 - 1. ஆமாம், 1876-இல் லூக்காஸ் நிரூபித்த அதே பகா எண்! அதற்கு என்னென்ன பயன் வருமோ, யார் கண்டது?

படித்தவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்: 2^43 - 1 பகா எண் இல்லை. கால்குலேட்டரில் சும்மா தட்டிக்கொண்டிருக்காமல், ஃபெர்மா சொன்ன வழியில் அதன் வகுத்தி ஒன்றைக் கண்டுபிடியுங்கள். 43-இன் இரு மடங்கு 86. ஐந்தாவது முயற்சியில் மாட்டும். விடை கிடைத்தவர்கள் எழுதுங்கள்.

மீண்டும் இன்னொரு பதிவில் சந்திப்போம்.